காலரிலிருந்து கதை சொன்னவள்

சட்டை தைக்கிற ஃபேக்டரியில் இருபத்தேழு வருஷம் ஒரு சட்டைகூடத் தைக்காமல் வேலை பார்த்தவள் அவள். தைத்து வந்ததைப் பார்ப்பதுதான் அவள் வேலை. நீளமான மேஜை, தலைக்கு மேலே இரட்டை டியூப்லைட், இடது பக்கம் வந்து குவிகிற சட்டை, வலது பக்கம் அடுக்கிப் போகிற சட்டை. எங்கே தையல் விட்டிருக்கிறதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். காலரில் ஆரம்பிக்க வேண்டும். இடது தோள், இடது கை, பட்டன் வரிசை, பாக்கெட், கீழ்மடிப்பு என்று இறங்கி, வலது பக்கமாக ஏறி மறுபடி காலருக்கே வந்து சேர வேண்டும். இந்தச் சுற்று மாறினால் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தப்பிவிடும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்குப் பிடித்த பழக்கம், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்தாலும் காலரிலிருந்துதான் பார்ப்பாள். ஃபேக்டரியில் அவளுக்கு ஊசிக்கண் என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

அவள் அம்மாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர், ஐந்தும் பெண். ஐந்து பேருக்கும் பார்வையும் கூர்மை, சந்தேகமும் கூர்மை. மூத்த பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரியின் சமையலை வீட்டுக்காரர் ஒரு தடவை மெச்சிவிட்டார் என்பதற்காக எட்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்தவள். சொல்ல வேண்டியதைப் பூனையிடம் சொல்வாளாம், அவர் கேட்டுக்கொள்ள வேண்டுமாம். நடுச்சித்தி, புருஷன் கடையில் மாட்டியிருந்த காலண்டர் பெண்ணின் முகத்தில் மையைக் கொட்டியவள். ஆகப் பொறாமை என்பது அந்தப் பெண்களுக்குத் தாய்வழியில் வந்த சீதனம். ஊசிக்கண்ணுக்குப் பங்கு கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது.

வாய்த்தவர் லாரிக்காரர். துறைமுகத்துக்குச் சரக்குக் கொண்டுபோவார். போனால் இறக்கி ஏற்ற இரண்டு மூன்று நாள் ஆகும். துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு பழைய தியேட்டர் இருந்தது. காலையில் ஒரு டிக்கெட்டோடு உள்ளே போனால் சாயங்காலம் வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டார்கள். வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளைக் கொலைப் படங்களைத்தான் அங்கே ஓட்டுவார்கள், அதையும் வாரம் பூராவும் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். ஃபேன் காற்றுக்குத் தூங்கலாம் என்று போன மனுஷர், தூங்காமல் வர ஆரம்பித்தார். பாஷை ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் தொப்பியைச் சாய்த்து வைத்த ஆளும், மழையில் பளபளக்கிற தெருவும், ஜன்னல் பட்டைகளின் நிழல் கோடு கோடாக முகத்தில் விழ நிற்கிற பெண்ணும் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் உட்கார்ந்தால் படக்கதைதான். தீப்பெட்டி கேட்டு அந்தப் பெண் பக்கத்தில் வந்ததுமே, இவன் தொலைந்தான் என்று தெரிந்துவிடும் என்பார். ஊசிக்கண் பரிமாறுகிற கையை நிறுத்திக் கேட்டாள்:

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"படத்தையா?"

"அவளை."

அவர் சிரித்து முடிக்கிற வரைக்கும் அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. செத்துப்போய் எத்தனையோ வருஷமாகியிருக்கக்கூடிய ஒரு நடிகை மேல், முகம்கூடப் பார்க்காமல் பொறாமைப்பட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஐம்பத்தாறாவது வயதில் லாரிக்காரருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. முதலில் இடது, ஒரு வருஷத்துக்குள் வலது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் மிஞ்சியது. லாரி வேறு கைக்குப் போனது. மகளைக் கட்டி வெளியூரில் இருக்கிற மாப்பிள்ளை வந்து மாமனாரைப் பார்த்துவிட்டு, டிவியில் எதையெதையோ இணைத்து, துறைமுகத்துப் படங்கள் அத்தனையும் இதில் கிடக்கின்றன என்று சொல்லி, ரிமோட்டில் எந்தப் பட்டனை எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று அவர் விரலுக்குப் பழக்கிவிட்டுப் போனான். நல்ல பிள்ளை. ஆனால் படம் ஓடினால் போதுமா, அதில் நடப்பதை யார் சொல்வது?

நான் சொல்கிறேன் என்று ஊசிக்கண் முதல் ஞாயிற்றுக்கிழமையே நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரையில் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். அவள் ஆரம்பித்தாள். காலர் நல்ல கஞ்சி போட்ட காலர், முனை மட்டும் இடது பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கிறது. கோட்டுத் தோளில் மடிப்புச் சரியாக விழவில்லை. கை நீளம் அரை அங்குலம் அதிகம். மூன்று பட்டன், நடுப்பட்டன் நூல் தளர்ந்திருக்கிறது. பாக்கெட்டுக்கு வந்தபோது டுமீல் என்று சத்தம் கேட்டது.

"யாரு சுட்டா?" என்றார் லாரிக்காரர்.

அவள் பார்க்கவில்லை. பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, யாரு செத்தா?"

"இந்தக் கோட்டுக்காரன்தான். ஆனா பாருங்க, கீழ்மடிப்பு நல்லாத்தான் தைச்சிருக்கான்."

அவர் ரிமோட்டைத் தேடி அணைத்தார். அதற்குப் பிறகும் நாலைந்து ஞாயிறு முயற்சி நடந்தது. சுற்றை மாற்றிச் சொல்லலாம் என்று முகத்திலிருந்து தொடங்கினால் அவளுக்கு நாக்குக் குழறியது. "துணிக்கடைக்குக் கூட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்மா," என்று அவர் ஒருநாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகமாகச் சுட்டது.

இந்தச் சமயத்தில்தான் மாடிக்கு ஒரு அம்மா குடிவந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள், வீட்டுக்காரர் காலமானவர், பிள்ளை தூரதேசத்தில். எல்லாரும் மாடியம்மா என்றார்கள். தண்ணீர்த் தொட்டி விஷயமாகக் கீழே வந்தவள், டிவியில் ஓடிய படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அவளுக்கு அந்தப் பாஷை தெரியும். அதைவிடப் பெரிய ஆபத்து, அவளுக்குக் குரல் இருந்தது. ராங் நம்பர் என்று சொன்னாலும் இன்னொரு தடவை கேட்கலாம் போலத் தோன்றுகிற குரல்.

அன்றிலிருந்து வேலை நாட்களில் மூன்றரை மணிக்கு மாடியம்மா இறங்கி வருவாள், படம் முடிந்து ஐந்து மணிக்கு ஏறிவிடுவாள். ஊசிக்கண் ஷிப்ட் முடிந்து வருவது ஐந்தரைக்கு. சில நாள் படம் நீண்டுவிடும். அப்போது தெருமுனைக்கே அவர் சிரிப்பு கேட்கும். கண் போனதிலிருந்து இவளிடம் ஒரு நாளும் சிரிக்காத சிரிப்பு. உள்ளே நுழைந்தால், "அண்ணே, இப்ப அவன் மாடிப்படியில ஏறுறான், மூணாவது படி கிறீச்சுன்னுது, கேட்டீங்களா?" என்று மாடியம்மா சொல்லிக்கொண்டிருப்பாள். லாரிக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இவள் செருப்புச் சத்தத்தைக்கூட ஒரு கையை உயர்த்தி நிறுத்துவார். சொந்த வீட்டுக்குள் நுழைந்தவளைச் சத்தம் போடாதே என்று நிறுத்தினால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அண்ணே என்று கூப்பிட்டால் ஆயிற்றா என்று ஊசிக்கண் நினைத்தாள். அதோடு அவர் பதிலுக்கு "சொல்லுங்க, சொல்லுங்க" என்கிற அந்த 'ங்க'வில் இருந்த இனிப்பு! இவளுக்கு முப்பது வருஷமாக 'ஏம்மா' தான்.

எரிகிற அடுப்பில் ஊத நாத்தனார் வந்தாள். லாரிக்காரரின் நேர் தங்கச்சி, நாலு தெரு தள்ளி இருப்பவள், நல்ல செய்தி எதையும் சுமந்து வந்ததாக உறவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு மத்தியானம் அண்ணனைப் பார்க்க வந்து, மாடியம்மாவையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் இவள் வருகிற வழியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எங்கண்ணன் முகத்துல எவ்வளவு களை வந்திருக்கு! நீங்க பாவம், வேலைக்குப் போயிட்டு வந்து களைச்சுப் போறீங்க. பேச்சுத்துணைக்கு ஆள் கிடைச்சது நல்லதுதான்."

"நல்லதுதான்," என்றாள் ஊசிக்கண்.

"நாற்காலியைத்தான் ரொம்ப ஒட்டிப் போட்டிருக்காங்க. கண்ணு தெரியாதே தவிர, காதுக்கு என்ன குறை?"

அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவள் செய்த காரியத்தை ஒரு செக்கிங்காரியைத் தவிர யாரும் செய்யமாட்டார்கள். ஃபேக்டரியிலிருந்து ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்து, மாடியம்மா உட்கார்கிற நாற்காலியின் முன்கால் நிற்கிற இடத்துக்கு நேராகத் தரையில் ஒட்டினாள். காலையில் நாற்காலியை அம்பு முனைக்கு நேரே வைத்துவிட்டுப் போவாள். மாலையில் வந்து குனிந்து பார்ப்பாள். திங்கட்கிழமை அவர் பக்கமாக நாலு விரல் நகர்ந்திருந்தது. செவ்வாய் ஐந்து விரல். புதன்கிழமை ஒரு சாண். மேல்ஜன்னல் வெயில் திரையில் விழுந்தால் படம் தெரியாது, அதற்காக மாடியம்மா திரை கூசாமல் தெரிகிற பக்கமாக நகர்கிறாள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கொலைப் படத்தில் துப்பறிகிறவன்கூடச் சில தடவை வேறு காரணம் இருக்குமோ என்று யோசிப்பான். பொறாமைப்பட்டவள் யோசிக்க மாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை மின்சாரம் போய் ஃபேக்டரியில் எல்லாரையும் மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். ஊசிக்கண் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பின்பக்கமாக நுழைந்து, சமையலறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். இவர்கள் பகுதியில் மின்சாரம் இருந்தது, படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஹோட்டலில் லிஃப்ட் ஓட்டுகிறவன், அங்கே பாடுகிற ஒரு பெண்ணின் மேல் பைத்தியமாகி, அவள் செய்த கொலையை மறைக்கிறான். பாஷை தெரியாவிட்டாலும் அது புரிந்தது. கடைசியில் அந்தப் பெண் நனைந்த கோட்டோடு கப்பல் துறைப் படிக்கட்டில் ஓடுகிறாள். பின்னால் நிழல் நீள்கிறது. சுடுகிறார்கள். அவள் படிப்படியாகச் சரிந்து, முகம் தண்ணீரைப் பார்க்க விழுந்தாள். வாத்தியம் பெரிதாக முழங்கியது.

"கப்பல்ல ஏறிட்டா அண்ணே," என்றாள் மாடியம்மா. "கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுக் கை காட்டுறா. சுட்டது குறி தப்பிருச்சு. கப்பல் நகருது."

லாரிக்காரர் பெருமூச்சு விட்டார். "போகட்டும். எங்கேயாவது போய்ப் பிழைச்சுக்கட்டும்," என்றார்.

திரைச்சீலைக்குப் பின்னால் ஊசிக்கண்ணுக்குத் திருவிழா கண்ட சந்தோஷம். இத்தனை நாள் தேடிய குறை, தானாக வந்து மேஜையில் விழுந்துவிட்டது. மாடியம்மா ஏறிப்போகும் வரை பொறுத்து, தட்டு வைத்து, சாப்பாடு போட்டு, அவர் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் சொன்னாள்.

"உங்களை ஏமாத்துறாங்க. அந்தப் பொண்ணு செத்துட்டா. என் கண்ணால பாத்தேன்."

அவர் நிதானமாக மென்று விழுங்கினார்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"துறைமுகத்துல அந்தப் படத்தை நாப்பது தடவையாவது பாத்திருப்பேன். மூணாவது படியில குண்டு படும், ஏழாவது படியில விழுவா. மாடிக்காரம்மா யாரையுமே சாக விடுறதில்ல. முதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்புறம் எதுக்கு உக்காந்து கேக்குறீங்க?"

"நாப்பது தடவையும் செத்தா. ஒரு தடவை தப்பிச்சா என்ன கெட்டுப்போச்சு?"

ஊசிக்கண் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். குறையைக் காட்டினால் சட்டை திரும்பிப் போகும் என்பது ஃபேக்டரி நியாயம். இங்கே குறைதான் பிடித்திருக்கிறது என்கிறார். ஒருத்தியை நினைத்துப் பொறாமைப்பட்டவளுக்கு இப்போது இரண்டு பேர் ஆயிற்று. திரையில் சாகிறவள் ஒருத்தி, அவளைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறவள் இன்னொருத்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அதே லிஃப்ட்காரன் படத்தைப் போட்டார். சொல்லு என்று கேட்கவும் இல்லை. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். ஆனால் கண் சும்மா இருக்குமா? கால் மணி நேரத்தில் வாய் தானாகத் திறந்தது.

"என்னங்க இவன், கிளாஸ்ல பாதி குடிச்சான், அவ பேசி முடிச்சதும் கிளாஸ் நிறைஞ்சு கிடக்கு."

லாரிக்காரர் தலையைத் திருப்பினார். "எந்தக் கிளாஸு?"

"அவன் கையில இருக்கிறது. அது மட்டுமா? வெளியில மழைன்னு நனைஞ்சு வந்தா, லிஃப்டுக்குள்ள போகும்போது கோட்டு சொட்டுது, கதவு திறந்து வெளியில வரும்போது இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு. தெருவுல பேப்பர் படிச்சுக்கிட்டு ஒரு குண்டு ஆள் போறான் பாருங்க, இதோட மூணு தடவை போயிட்டான், திரும்பி வரவே இல்ல. எந்த ஊர்த் தெருவுங்க இது?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு தோள் இரண்டும் குலுங்க. நாற்பது தடவை முழுக் கண்ணோடு பார்த்தும் அந்தக் கிளாஸைப் பார்க்கவில்லையே என்றார். அந்தக் குண்டு மனிதன் மறுபடி வந்தால் உடனே சொல்லச் சொன்னார். அந்தப் படம் முடிந்து இன்னொன்றும் போட்டார்கள். அதில் பிணம் மூச்சு விட்டது, அதையும் அவள் சொன்னாள்.

இதோடு அவள் மனம் ஆறியிருக்க வேண்டும். ஞாயிறு அவளுக்கு வந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு, மேஜையில் சட்டையைப் புரட்டிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது இறங்கியிருப்பாள். இப்போது நாற்காலியை நகர்த்தியிருப்பாள். வாரத்தில் ஒரு நாள் கிடைத்தவளுக்கு மற்ற நாட்கள்தான் கண்ணை உறுத்தின.

அந்த வாரமே மாடியம்மா வாசல்படியில் அவளைப் பிடித்தாள். கையில் கசங்கிய சிவப்பு அம்பு.

"என் புடவை ஓரத்துல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சும்மா. சிவப்பு அம்புன்னு நான் சொன்னதுமே உங்க ஃபேக்டரிதுன்னு அண்ணன் சொன்னாரு. என்கிட்ட எந்தக் குறையைக் காட்டுதுன்னுதான் தெரியல."

குரல் அப்போதும் இனிமையாகவே இருந்தது. இவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாய்வழிச் சீதனம் முந்திக்கொண்டது.

"இனிமே நீங்க சிரமப்பட்டு இறங்கி வர வேண்டாம்," என்றாள்.

மாடியம்மா அம்பை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு ஏறிப்போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை. ஏன் என்று ஊசிக்கண் வீட்டில் சொல்லவில்லை.

ஐந்தரைக்கு வந்தால் வீடு அமைதியாக இருந்தது. அவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அணைந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள், இரண்டு நாள். மூன்றாம் நாள் டீயைக் கையில் கொடுத்தபோது, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார்: "குருட்டுப்பயலுக்குக் கதை சொல்லி அவங்களுக்கும் சலிச்சுப்போச்சு போல. பாவம், அவங்களும் எத்தனை நாளைக்குத்தான் சொல்லுவாங்க."

அவர் தன்னை அந்த வார்த்தையால் சொல்லி அதுவரை அவள் கேட்டதில்லை. கண் போனபோதும் சொல்லவில்லை, லாரி போனபோதும் சொல்லவில்லை. அவள் ஒட்டிய அம்பு போய் எங்கே குத்தி நிற்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மாற்றிய புடவையைக்கூடச் சரியாகச் செருகாமல் மாடிக்கு ஏறினாள்.

மாடியம்மா கதவைத் திறந்தாள், உள்ளே வரச் சொல்லவில்லை.

"நாளைக்கு வாங்க," என்றாள் ஊசிக்கண்.

"உங்களுக்குத்தான் பிடிக்கலையேம்மா."

"பிடிக்கலதான். இப்பவும் பிடிக்கல. ஆனாலும் வாங்க. நீங்க வராததுக்கு அவர் தன்னையே நொந்துக்கிறாரு. நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. யாரைக் காப்பாத்தணுமோ காப்பாத்துங்க, எல்லாரையும் கப்பல்ல ஏத்துங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் என்னுது."

மாடியம்மா கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர்கள் பேச்சை இணைத்துவிட்டு, நடுவில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தவள். அழுதுகொண்டு ஃபோனை வைத்த பெண்கள் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறாள், யாரையும் தடுத்ததில்லை. இதையெல்லாம் ஊசிக்கண்ணிடம் அவள் சொன்னது பிற்பாடு. அன்றைக்குச் சொன்னது வேறு.

"வர்றேம்மா. ஆனா எனக்கும் சுலபமில்ல. திங்கக்கிழமை நான் உக்காந்ததும், படத்தைப் போட விடல உங்க வீட்டுக்காரர். ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னதை ஒண்ணு விடாம சொல்லி முடிச்சப்புறம்தான் படம். கிளாஸ் நிறைஞ்சது, கோட்டு காய்ஞ்சது, குண்டு ஆள் மூணு தடவை போனது. என் வீட்டுக்காரர் நான் சொன்ன ஒரு பேச்சைக்கூட இன்னொருத்தர்கிட்ட எடுத்துச் சொன்னதில்ல. அதைக் கேட்டுட்டு மேல வந்தப்புறம் அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கல."

கீழே அவர் காத்திருப்பார், டீக் குவளையைக் கையிலேயே வைத்திருப்பார், தரையில் வைத்தால் கால் பட்டுக் கவிழும். எல்லாம் தெரிந்தும் ஊசிக்கண் மாடிப்படியின் மேல்படியில் முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பிணம் மூச்சு விட்டதைச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"எப்படிச் சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

மாடியம்மா பெருமூச்சு விட்டு, அடுத்த படியில் உட்கார்ந்து, தன் நல்ல குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.